மதாம் பெரின் கரை இறங்கிய வருஷம்

புதுச்சேரிக்குக் கப்பல் என்றைக்குமே சொன்ன நாளில் வந்து சேர்ந்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சு தேசத்தில் பாய் விரித்துப் புறப்பட்ட ஒரு கப்பல், போன ஆவணி மாதம் ஒரு காலைப் பொழுதில் எங்கள் குப்பத்துக்கு நேர் எதிரே கடலில் வந்து நின்றபோது, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருவர் மட்டும் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார், "இப்பத்தான் வருதா?" என்று கேட்டார், மறுபடி வலையைப் பிரிக்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் இங்கே கப்பல் வந்து அணைய இடம் கிடையாது, சலங்கு என்ற கயிறு தைத்த படகுகள் அலை தாண்டிப் போய்த்தான் ஆட்களை இறக்கி வரும். இப்போது சலங்குகளும் கிடையாது என்பதால், கப்பல் மேல்தட்டில் யாரோ ஒரு வெள்ளைத் துணியை ஆட்டி ஆட்டிக் கை சோர்ந்துபோவதைப் பார்க்கப் பொறுக்காமல் இரண்டு ஃபைபர் படகுகள் போயின. திரும்பி வந்தபோது முதல் படகில் ஒரு மரப்பெட்டியும், மரச்செருப்புப் போட்ட இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தியும், அவள் மடியில் தொடங்கிப் படகின் பின்னால் நீண்டு தண்ணீரில் மிதந்து கப்பலின் வயிறு வரைக்கும் போகிற ஒரு கம்பளிக் காலுறையும் இருந்தன. கப்பலேறிய அன்று புருஷனுக்காகப் பின்னத் தொடங்கிய காலுறையாம் அது. பாதம் பின்னி முடிக்கிற அன்று கரை தெரியும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டாளாம். கரை தெரியாததால் பாதத்துக்கு வராமல் கால் பகுதியையே பின்னிக்கொண்டு போயிருக்கிறாள். ஈரக் கம்பளியைச் சாமானியத்தில் இழுக்க முடியவில்லை, கரைவலை இழுப்பதுபோல் குப்பத்து ஆணும் பெண்ணும் இரண்டு வரிசையாக நின்று ஏலேலோ போட்டு இழுத்து மணலில் குவித்தார்கள். காலுறை முழுவதும் கரைக்கு வந்ததும் கப்பல் பாயைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்பது எங்கள் ஊரில் சகுனத்துக்கு ஆகாது.

அந்தப் பெண் மணலில் முழங்காலிட்டு நெஞ்சில் சிலுவை போட்டாள், வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு, "ழான் லெகரெக்?" என்றாள்.

அந்தப் பெயரை அறியாதவர் புதுச்சேரியில் இல்லை, ஏனென்றால் அறியாதவர் அகப்பட்டால் என் மனைவி வீட்டார் உட்கார வைத்துச் சொல்லிவிடுவார்கள். இங்கே என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் பெயர் அருளாந்து; மின்துறையில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன்; அப்படி மீட்டர் பார்க்கப் போன ஒரு வீட்டில் லெயோனியைப் பார்த்தேன், அவளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியும் விட்டேன். வீட்டோடு மாப்பிள்ளைக்கு எல்லா வீட்டிலும் என்ன மரியாதையோ அதுதான் எனக்கும், அதாவது விருந்தில் கடைசி நாற்காலியும், குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது முதல் நாற்காலியும்.

குடும்ப வரலாறு இதுதான். கம்பெனி காலத்தில், புதுச்சேரி வெறும் மணலும் பனையுமாக இருந்தபோது, பிரெஞ்சு தேசத்துக் கடலோரமான பிரெத்தாஞ் சீமையிலிருந்து நீலக் கோட்டும் வெள்ளிப் பொத்தானுமாக ழான் லெகரெக் என்ற உயர்குடி அதிகாரி வந்து இறங்கினார். அடுத்த கப்பலில் அவர் மனைவி பெரின் சரிகைக் குடையோடு வந்து சேர்ந்தாள். ஆறு பிள்ளைகள் பெற்றார்கள். அந்த ஆறிலிருந்து பெருகியவர்கள்தான் லெயோனியும் அவள் அண்ணன் கஸ்தோனும் பாரீஸிலும் ரெயூனியோன் தீவிலும் இருக்கிற மற்றவர்களும். "எங்களுக்கு ரெண்டு பக்கமும் பிரெஞ்சு" என்று கஸ்தோன் மார்பில் கை வைத்துச் சொல்வார். அவர் என்னைவிட இரண்டு மாற்றுக் கறுப்பு, அது கடற்காற்று என்பார். எங்கள் வீடு கால்வாய்க்கு மேற்கே, தமிழர் தெருக்கள் இருக்கிற பக்கத்தில் இருக்கிறது. அதைக் கேட்டால், வீடு அங்கேயேதான் இருந்தது, கால்வாய்தான் இடம் மாறிவிட்டது என்பார். கூடத்தில் பொய்முடி வைத்த ஒரு துரையின் எண்ணெய் ஓவியம் மாட்டியிருக்கிறது, அதில் இருக்கிற மூக்கும் தன் மூக்கும் ஒன்று என்று கஸ்தோன் பக்கத்தில் நின்று காட்டுவார், காட்டும்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதில் கொஞ்சம் கறாராக இருப்பார்.

ஆள் வந்து சொல்லி நாங்கள் மூவரும் கடற்கரைக்கு ஓடினோம். "பெயர் என்ன?" என்று லெயோனி பிரெஞ்சில் கேட்டாள். "பெரின், ழான் லெகரெக்கின் மனைவி" என்று அந்தப் பெண் சொன்னாள். லெயோனி புதுச் சேலையோடு ஈர மணலில் விழுந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு "மேமே!" என்று கதறினாள்; மேமே என்றால் பிரெஞ்சில் பாட்டி. அறுபத்தெட்டு வயது கஸ்தோன் குனிந்து தலையைக் காட்ட, எங்கள் வழக்கப்படி பெரியவர்கள் சின்னவர்களுக்குப் போடுவதுபோல், அந்த இருபத்திரண்டு வயசுப் பெண் மிரண்டுபோய் அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். சுற்றி நின்ற குப்பத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வம்சத்தின் முதல் தாயே நேரில் வந்து இறங்கிய சந்தோஷத்தில் அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் ஒரு சின்ன விஷயம் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நான் மாப்பிள்ளை.

"ழான் எங்கே?" என்று அவள் கேட்டபோது மற்ற இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள், அதனால் அவள் பார்வை என்மேல் விழுந்தது. செத்து எத்தனையோ தலைமுறை ஆகிறது என்பதை வாந்தி எடுத்து முடித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "மாயே" என்று சொல்லி மேற்கே கை காட்டினேன். மலையாளக் கரையில் இருக்கிற மாயேயும் பிரெஞ்சுக்காரர் ஊர்தானே, கம்பெனி வேலையாகப் போயிருக்கக்கூடும், திரும்பி வர நாளாகும், அதற்குள் யாராவது பக்குவமாக விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த யாராவது வரவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடி கேட்டிருக்கிறாள், நான் சொன்னது தெரியாத லெயோனி, "ஏனாம்" என்றாள். டீக்கடைக்காரர் "காரைக்கால், காலை பஸ்ஸுல போனாரு" என்றார். பொய் சொல்லக்கூடாதவர் என்பதால் பங்குச் சாமியார் "நீண்ட பயணம் போயிருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொண்டார், பின்னால் நின்ற உபதேசியார் "சந்தர்நகர்" என்று சேர்த்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் எங்கெங்கே கொடி நட்டிருந்தார்களோ அந்த ஊர்களுக்கெல்லாம் எங்கள் ஊர் அந்தச் செத்த மனிதரை ஒரே வாரத்தில் அனுப்பி வைத்தது. அவளும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை, கம்பெனிக்காரர்கள் ஒருத்தனைப் பிடித்தால் அப்படித்தான் நாயாக அலைய விடுவார்கள் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் லெயோனி. அவள் பேசிய பிரெஞ்சைப் பெரின் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இந்த அம்மாளுக்குப் பல்வலியா என்று என்னிடம் சைகையில் விசாரித்தாள். கூடத்துப் படத்தைக் காட்டி, "மேமே, உங்கள் ழான்" என்று கஸ்தோன் பக்கத்தில் நின்று மூக்கைத் திருப்பினார். பெரின் கிட்டே போய்ப் பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், "இந்தக் கிழவனை நான் பார்த்ததே இல்லையே" என்றாள். பிறகு குளியலறைக்குப் போனவள், அங்கே தண்ணீர் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் பீப்பாயைத் தட்டிப் பார்த்து, ழான் செய்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பான், ஊரிலேயே பீப்பாய் செய்வதில் அவன் கை பேர்போன கை, அதனால்தான் கம்பெனிக்காரர்கள் சாராயப் பீப்பாய் அடைக்க அவனைக் கூட்டிப்போனார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். லெயோனி போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் நண்பர்கள் கேட்டபோது கஸ்தோன், "பீப்பாய்த் துறை அதிகாரி" என்றார்.

அந்த வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்விசிறி பயமாக இல்லை, பல்பு பயமாக இல்லை, ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது. வாசலில் மீன் கூடையை இறக்கிய குப்பத்து மீன்காரி பச்சைவாழியைப் பார்த்ததும்தான் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. கூடைக்குள் இருந்தது மத்தி. பெரின் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு மத்தியை எடுத்து, கட்டைவிரல் நகத்தாலேயே தலையைக் கிள்ளிக் குடலை இழுத்தாள், இன்னொன்று, இன்னொன்று, பச்சைவாழி அரிவாள்மணையை எடுத்து வைப்பதற்குள் பாதிக் கூடை முடிந்திருந்தது. அவளும் மத்தி பிடிக்கிற குடும்பத்துப் பெண்தான், அவள் அப்பாவும் அண்ணன்களும் கடலில் போனவர்கள், அவர்களில் இரண்டு பேர் கடலிலேயே போய்ச்சேர்ந்தவர்கள்.

"ஏ ஆத்தா, இது நம்ப பொண்ணுடி" என்று பச்சைவாழி சொன்னாள், அன்றைக்கே அவளைக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். லெயோனியின் பிரெஞ்சு விளங்காத பெரினுக்குப் பச்சைவாழியின் தமிழ் ஒரு மாதத்துக்குள் விளங்கிவிட்டது, முதலில் மீன் பெயர்கள், அப்புறம் விலை, அப்புறம் வசவு. வசவு மட்டும் மாதம் முடியுமுன்பே சுத்தமாக வந்துவிட்டது.

ஊர் அவளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதாவது தன்னோடு சேர்த்துக்கொண்டது. குடியேற்றத்தைக் கவனிக்கிற ஓர் அதிகாரி வந்து எப்போது புறப்பட்டீர்கள் என்று கேட்டார், அவள் அப்போதைய ராஜாவின் பெயரைச் சொன்னாள், அவர் பச்சைவாழி வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "மான்சூன் டயம்ல லேட்டாகத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலுறையில் ழானுக்கு வேண்டிய அளவை மட்டும் வெட்டி எடுத்துப் பாதம் பின்னி வைத்துக்கொண்டாள், மிச்சத்தைப் பிரித்துக் குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஐப்பசி மழைக்குக் குல்லாய் போட்டுக் கொடுத்தாள், அதற்கும் மிஞ்சியதைத் தலையணையில் அடைத்துக்கொண்டார்கள். அந்தக் கம்பளித் தலையணையில் படுத்தவர்களுக்குக் கொஞ்சம் தலைசுற்றியது, அலைமேல் படுத்ததுபோல் இருந்தது என்றார்கள், பழகிவிட்டது என்றும் சொன்னார்கள்.

ஆனால் புருஷனைக் கேட்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. விடிந்ததும் பஸ் நிலையத்துக்கு ஒரு நடை போவாள், மாயேயிலிருந்து ஒரு பஸ் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இறங்குகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், காலியான பஸ்ஸையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பாள். அதைப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு கேட்கவில்லை. ஒரு நாள் டீக்கடைக்காரர் ஓர் அல்வாப் பொட்டலத்தை நீட்டி, "ஐயா மாயேலேருந்து குடுத்தனுப்பனாரு" என்றார். அவ்வளவுதான், ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. ஏனாமிலிருந்து ஊறுகாய் வந்தது, காரைக்காலிலிருந்து குலாப்ஜாமூன் வந்தது, சந்தர்நகரிலிருந்து கைத்தறிச் சேலை வந்தது, அதன் ஓரத்தில் காந்தி வீதிக் கடை முத்திரை இருந்ததை உபதேசியார் கிழித்துவிட்டிருந்தார். நானும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி, ழான் துரை கொடுத்ததாகச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

குடும்பத்தார் கவனிக்காமல் விட்ட அந்தச் சின்ன விஷயத்தைச் சொன்னது பச்சைவாழிதான். மீன் கொண்டு வந்தவள் பேச்சுவாக்கில், "ஏம்மா, இவ இப்பத்தானே வந்து எறங்கறா? இவளுக்குப் புள்ளகுட்டியும் இல்லைன்றா. அப்ப உங்களயெல்லாம் பெத்தது யாரு?" என்று கேட்டாள்.

லெயோனி கூடையில் இருந்த மீன் மொத்தத்தையும் வாங்கி அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மீனைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?" என்று லெயோனி என்னைக் கேட்டாள்.

"அவ வந்து எறங்கின அன்னிக்கே."

"ஏங்க சொல்லல?"

"நான் மாப்பிள்ளையாச்சே."

கஸ்தோன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே, "வேற ஒரு பெரின் இருந்திருக்கலாம். பிரெத்தாஞ்ல அந்தப் பேர் சகஜம்" என்றார். அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது. அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு பெரின் உண்டு, எங்கள் மகளும் பெரின்தான், லியோன் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். ழானின் கல்லறையில் அவர் பக்கத்தில் பொறித்திருக்கிற பெயரும் பெரின்தான். அந்தப் பெயர்தான் அவர்களுக்கு இரண்டாவது பக்கம்; அந்தப் பெயர் இல்லாவிட்டால் ஒரு பக்கம் பீப்பாய்க்காரர், இன்னொரு பக்கம் யார் என்றே தெரியாது. லெயோனி சாப்பிடாமல் எழுந்து போனாள். அவளை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன், அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை.

இதற்குள் கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஊரில் உயிரோடிருக்கிறவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்களைப் பார்க்கப் போவார்கள், ஒரு வாரம் முன்னாலேயே போய்ப் புல் செதுக்கிச் சுண்ணாம்படித்து வைப்பார்கள், அன்று மாலை சாமந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பி மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். ழான் லெகரெக்கின் கல்லறை, தோட்டத்து வாசலுக்கு நேரே இருக்கிறது, அதை இருட்டில் போட்டுவிட்டால் ஊர் என்ன பேசும்? கொளுத்தினால் பெரினுக்குத் தெரிந்துவிடும். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்பதில் ஊரில் எல்லோரும் ஒத்துப்போனார்கள், சொல்லவேண்டிய ஆள் தான் அல்ல என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். சாமியார் லெயோனியைப் பார்த்தார், லெயோனி கஸ்தோனைப் பார்த்தாள், எழுத்தே தெரியாதபடி கல் முழுக்கப் பூவைப் பரப்பிவிடலாம், அவளுக்கு எப்படியும் படிக்கத் தெரியாது என்று கஸ்தோன் யோசனை சொன்னார். ஒரு பல்சர் வண்டி நிறையப் பூவும் வாங்கி வந்தார்.

அன்று மாலை மழை விட்டிருந்தது. நாங்கள் பூவைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, சந்தர்நகர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் மெழுகுவர்த்தியும் இன்னொரு கையில் அந்தக் காலுறையுமாகப் பெரின் வாசலில் வந்து நின்றாள், பக்கத்தில் பச்சைவாழி. கல்லறைத்தோட்டத்தில் எல்லோரும் அவரவர் தாத்தாவின் மெழுகுவர்த்தியை மும்முரமாகச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

"அவன் இருக்கற எடம் எது?" என்று அவள் என்னைக் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

"யார் சொன்னா உனக்கு?" என்றேன்.

"யாரும் சொல்லல. அல்வா வந்த அன்னிக்கே தெரியும்." அவள் ஊரைச் சுற்றிலும் பார்த்தாள். "என் புருஷன் எனக்கு ஒரு கொண்டை ஊசி வாங்கித் தந்ததில்ல. உசுரோட இருக்கறவன் இவ்ளோ அன்பா இருக்கமாட்டான்யா. நீங்க எல்லாரும் ஆசையாக் குடுத்தீங்க, நான் வாங்கிக்கிட்டேன். பஸ்ஸு பாக்கப் போனது, அதுவும் தெரிஞ்சேதான் போனேன். மனசு கேக்கல."

டீக்கடைக்காரர் அவர் அப்பாவின் சிலுவைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். லெயோனி விலகி நின்று வழிவிட்டாள்.

பெரின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள், கஸ்தோன் பரப்பிய பூவை இரண்டு கையாலும் ஒதுக்கினாள், எழுத்துகள் தெரிந்தன. காலுறையைக் கல்மேல் விரித்து வைத்து நீவிவிட்டாள். வாய்க்குள்ளே அவள் ஊர்ப் பேச்சில் என்னவோ சொன்னாள், அதை லெயோனியாலும் புரிந்துகொள்ள முடியவில்லை. அழுதாள், நன்றாகவே அழுதாள், பச்சைவாழி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், நாங்கள் காத்திருந்தோம். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "படி" என்றாள் லெயோனியிடம்.

லெயோனி என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த இடத்தில் அவள் எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அவள் ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "இங்கே துயில்பவர் ழான் லெகரெக், கம்பெனியின் ஊழியர், பிரெத்தாஞ் சீமையில் பிறந்தவர்." பெரின் தலையாட்டினாள். "அவர் பக்கத்தில்..." லெயோனி நிறுத்தினாள்.

"இன்னும் எழுத்து இருக்குதே."

"அவர் பக்கத்தில் அவர் மனைவி பெரின். ஆறு பிள்ளைகளின் தாய். இந்த ஊரில் இறந்தாள்."

மெழுகுவர்த்தி உருகுகிற வாசனை வந்தது. பெரின் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள், தன் பெயர் எந்த இடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்மேல் விரலை ஓட்டினாள். "நான் சாகலயே" என்றாள். "நான் புள்ள பெக்கலயே."

சாமியார்தான் மெல்லக் கிட்டே வந்து சொன்னார். அந்த நாளில் துரைமார்கள் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளவேண்டுமானால் அவளுக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், அப்போது புதுப் பெயர் வைப்பார்கள், என்ன பெயர் என்பதைப் பெரும்பாலும் கட்டிக்கொள்கிறவனே சொல்லுவான். உன் கப்பல் வரவில்லை. ழான் ஓர் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்கு உன் பெயரை வைத்திருக்கிறான்.

முதலில் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, நான் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். தன்னை மறக்கவில்லை, காலமெல்லாம் தன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான் என்கிற சந்தோஷம். கஸ்தோன்கூட அதைப் பார்த்துவிட்டு, "என்ன அன்பு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அவள் கல்லின் இடது பக்கத்தை, அந்த இன்னொருத்தி படுத்திருக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ பேரு இன்னா?" என்று கேட்டாள்.

"பெரின்" என்றார் கஸ்தோன்.

"அது எம் பேரு. அவ பேரு இன்னா?"

கஸ்தோன் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தரையைப் பார்த்தார். ழானின் கோட்டு என்ன நிறம் என்று கேட்டிருந்தால் அந்தக் குடும்பத்தில் சின்னக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும், பொத்தான் எந்த உலோகம் என்று சொல்லியிருக்கும், அவர் வந்த கப்பலின் பெயர், மாலுமியின் பெயர், வழியில் இறந்துபோன நாயின் பெயர் வரைக்கும் சொல்லியிருக்கும். மெழுகுவர்த்தியை அதுவரை சரிசெய்துகொண்டிருந்த ஊரும் இப்போது திரும்பி எங்களையே பார்த்தது.

பெரின் எழுந்து நின்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டாள், பச்சைவாழி நிற்கிற மாதிரியே நின்றாள், கல்லைப் பார்த்து, குப்பத்துத் தமிழில், ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

"ஏன்டா ழானு! அந்தப் பொம்பளைக்குன்னு ஒரு பேரு இருந்துச்சே. அவ ஆத்தா வெச்ச பேரு. அத எங்கடா தொலைச்ச?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். கல்லில் விரித்திருந்த காலுறையை அவள் எடுத்தாள், இந்தப் பக்கம் வந்து, பெயர் இல்லாதவள் படுத்திருக்கிற பக்கத்தில் அதை வைத்தாள். "குளுரும். நீ போட்டுக்க" என்றாள் அவளிடம். அதில் கோபம் இல்லை.

லெயோனி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளும் மேமே, மேமே என்று பிரெஞ்சில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அப்பாவின் மூத்தாளை எங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிட்டாள், அந்த இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு.

"தெரியலியே, பெரியம்மா. எங்கம்மா பேரு எனக்குத் தெரியலியே."